ஜோடிகளைப் பிரித்து வைத்தேன்

மார்ச் 3

அக்காவின் அறையில் கால் வைக்க இடமில்லை. மேசையில், ஜன்னல் திட்டில், தையல் மெஷின் மேல் என்று எங்கு பார்த்தாலும் பழைய டிஸ்க்குகள். ஒரு பெண்கள் கால்பந்து அணியின் பின்னால் மூன்று வருடம் கேமராவோடு அலைந்து ஆவணப்படத்துக்காக அவள் எடுத்தது முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது. இறுதி ஆட்டம் உள்ள டிஸ்க் 'டக் டக்' என்கிறது. ஆடிய ஆட்டத்தை மறுபடி ஆடச் சொல்ல முடியுமா? அணித்தலைவி முழங்கால் போய் வீட்டோடு இருக்கிறாள்.

அலுவலகத்தில் எனக்கு வேலையே ஊரார் கோப்புகளைக் காப்பாற்றுவதுதான். இதையும் காப்பாற்றியே தீருவேன்.

மார்ச் 5

திட்டம் போட்டாயிற்று. இரண்டு பெட்டி, ஒவ்வொன்றிலும் ஆறு டிஸ்க். இரண்டிரண்டாக ஜோடி. ஒன்றில் எழுதுவது அப்படியே அதன் ஜோடியிலும் பதியும். ஒன்று போனாலும் மற்றது கைகொடுக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் கணினியிலிருந்து தனிக் கேபிள், தனி யூபிஎஸ்.

இப்படி டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டுவதற்குக் கணினி பாஷையில் ரெய்டு என்று பெயர். வீட்டில் ரெய்டு வைக்கப் போகிறேன் என்றதும் மாமா ஒரு நொடி வெலவெலத்துப் போனார். அக்காவின் கணவர், படத்தைத் தொகுப்பவரும் அவர்தான். அக்காவுக்கோ வயிற்றெரிச்சல். பன்னிரண்டு டிஸ்க் வாங்கி ஆறின் இடம்தானா, உபரியாக ஒன்று இருந்தால் போதாதா என்று பேரம் பேசினாள். காய்கறிக் கடையா இது? முடியாது என்றேன்.

மார்ச் 9

எல்லாம் நகலாகிவிட்டது. 'டக் டக்' டிஸ்க் கடைசிக் கோப்பையும் கொடுத்துவிட்டு மாலையில் மூச்சை நிறுத்தியது. அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். உடனே கட்டளையும் போட்டாள்: "இனிமே என்னைக் கேக்காம ஒரு வயரைக்கூடத் தொடாத."

மார்ச் 11

மேசைக்கடியில் மாமாவின் கால் பெட்டியில் இடிக்கிறது. ஒரு பெட்டியை மட்டும் அணைத்துத் தள்ளி வைக்கலாமா என்று கேட்டார். அதற்குத்தானே இவ்வளவும் என்று பெருமையாகக் குனிந்தேன். பிளக்கில் கை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஜோடிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒன்றும் இரண்டும் ஒரே பெட்டியில், மூன்றும் நான்கும் ஒரே பெட்டியில். பெட்டி நின்றால் ஜோடியோடு போகும். மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்த மாதிரி. தனிக் கேபிள், தனி யூபிஎஸ் என்று தம்பட்டம் அடித்தவள், ஸ்டிக்கர் எண்கள் வரிசையாக இருந்தால் அழகு என்று இப்படிச் செருகியிருக்கிறேன் — மக்கு, மக்கு!

கால் இடித்தால் இடிக்கட்டும் என்று மாமாவை அனுப்பிவிட்டேன்.

மார்ச் 12

வழி இருக்கிறது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை எதிர்ப் பெட்டிக்கு மாற்றினால் போதும். எந்த டிஸ்க் எதன் ஜோடி என்ற விவரம் அதனதன் உள்ளேயே பதிந்திருக்கிறது. இடம் மாறினாலும் கண்டுகொள்ளும். அலுவலகத்தில் கழித்துப் போட்ட டிஸ்க்குகளில் செய்து பார்த்தேன். கண்டுகொண்டன.

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

"நல்லா ஓடிட்டிருக்கிறதை ஏன்டி பிரிக்கிற? உள்ள இருக்கிறது என் மூணு வருஷம்."

"அதனாலதான் பிரிக்கணும்கிறேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 14

மாற்றும் முன் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைக்கப் பெரிய டிஸ்க் வேண்டும் என்றால், வர ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள் கடையில். இன்று மட்டும் இரண்டு முறை மின்சாரம் போய் வந்தது. ஒரு வாரமெல்லாம் என்னால் முடியாது. நாளை அவள் சரி என்னும்வரை அந்த அறையை விட்டு நகர மாட்டேன்.

மார்ச் 15

காலையிலிருந்து அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். மதியம், என்னவோ பண்ணித் தொலை என்றாள்.

இறுதி ஆட்டத்தை நான்கு கேமராவில் எடுத்திருக்கிறாள். என் மடிக்கணினியில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. அதை எடுத்து வைத்தேன். எல்லாவற்றையும் அணைத்தேன். டிஸ்க்குகளை மாற்றினேன். ஸ்டிக்கர் எண்கள் தாறுமாறாகிவிட்டன, இருக்கட்டும். திரும்பப் போட்டால் திரையில் நான்கு டிஸ்க்தான் தெரிந்தது. பயந்துவிட்டேன். வெளியே சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். பிறகு ஒவ்வொன்றாக வந்தது, பன்னிரண்டும். ஆறு ஜோடியும் சேர்ந்தே இருந்தன.

அக்கா வாசற்படியில் நின்று பார்த்தாள். படம் ஓடியதும் போய்விட்டாள். ஒரு பெட்டியை அணைத்துச் சோதிக்கலாமா என்று கேட்கவும் விடவில்லை.

ஏப்ரல் 2

அக்காவும் மாமாவும் இறுதி ஆட்டத்தை வெட்டித் தொகுக்கிறார்கள். மதியம் 'பீப் பீப்' என்று சத்தம் கேட்டு ஓடினேன். முதல் பெட்டி இருட்டு. மேசைக்கடியில் பிளக் கழன்று கிடந்தது, பக்கத்தில் மாமாவின் கால். திரையில் அணித்தலைவி பந்தோடு ஓடிக்கொண்டிருந்தாள். நிற்கவே இல்லை.

என்ன சத்தம் என்று அக்கா கேட்டாள். ஒரு பெட்டி முழுசாக நின்றுவிட்டது என்றேன். குனிந்து பெட்டியைப் பார்த்தாள், நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். கோல் விழும்வரை கண்ணை எடுக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

பிளக்கைச் செருகட்டுமா என்று கேட்டேன்.

"இனிமே ஒவ்வொண்ணுக்கும் என்னைக் கேட்டுட்டு நிக்காதடி."

செருகினேன். விட்டுப்போனதைப் பதிந்துகொண்டு ஜோடிகள் பழையபடி ஒன்றாக மாலையாகிவிட்டது. அதுவரை அவள் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.