கெட்டி அட்டை இல்லாத விளக்கவுரை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நானும் சின்னவளும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம். நீயும் அத்தானும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசலாமே என்பாய். போனைத் தொடவே இப்போதெல்லாம் எனக்கு முடிவதில்லை. அதனால்தான் கடிதம்.

உன்னிடம் ஒரு உதவி கேட்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக வேதபாடக் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களோடு குடித்தனம் நடத்துகிறவள் நீ. இதைக் கேட்க எனக்கு வேறு ஆளில்லை. சின்னவளின் அப்பாவுக்கு ஒரு நல்ல வேதாகம விளக்கவுரை வேண்டுமாம். பழைய காலத்துப் பெரியவர்கள் யாராவது ஆழமாக எழுதியதாக இருக்க வேண்டுமாம். போன ஞாயிற்றுக்கிழமை சிறையில் பார்க்கப் போனபோது கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார்.

லாரி ஓட்டிய காலத்தில் வேதாகமத்தை முன்கண்ணாடிக்கு அடியில் வைத்திருப்பார், திறந்ததில்லை. தூசி தட்டுவது நான்தான். இப்போது நான்கு மாதமாக முதல் பக்கத்திலிருந்து வரிவரியாகப் படித்துக்கொண்டு வருகிறார். அடைக்கலப் பட்டணங்கள் வரும் இடத்தில் நின்றுவிட்டாராம். தெரியாமல் ஒருவனைக் கொன்றுவிட்டவன் ஓடிப்போய்த் தங்க ஆறு ஊர்களை ஒதுக்கச் சொல்லியிருக்கிறதே, அந்த இடம். செத்தவனின் சொந்தக்காரன் துரத்திக்கொண்டு வந்தாலும் ஊருக்குள் இருக்கும்வரை அவனைத் தொட முடியாது. ஆனால் தலைமைக் குருவான பிரதான ஆசாரியன் சாகும்வரை அவனும் வெளியே வரக்கூடாது. "அதைத் தாண்டிப் போக முடியல. படிச்சவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பாக்கணும்" என்றார். எதற்காக என்று நான் கேட்கவில்லை. எல்லாம் அந்த மத்தியானத்தில் சைக்கிளோடு லாரிச் சக்கரத்தில் விழுந்த பெயின்டரை நினைத்துத்தான் என்று எனக்குத் தெரியாதா. கண் அசந்துவிட்டது என்று அவரே அன்றைக்கே போலீசில் சொல்லிவிட்டார். அதற்குமேல் யாரும் எதையும் தோண்டவில்லை.

சிறையில் வேதாகமம் தவிர ஒரே ஒரு புத்தகம்தான் வைத்துக்கொள்ளலாமாம், அதுவும் கெட்டி அட்டை போட்டதாக இருக்கக்கூடாதாம். சலவைப் பிரிவில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு (ஆஸ்பத்திரிப் போர்வைகள் எனக்காகக் காத்திருக்கும், எங்கே போய்விடும்) கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று விளக்கவுரைகளை மேசையில் வைத்தார். நான் எல்லாவற்றிலும் அந்த ஒரு இடத்தை மட்டும் தேடித் திறந்ததைப் பார்த்து, "ஏம்மா, வேதாகமத்துல வேற பக்கமே இல்லியா?" என்று கேட்டார்.

ஒன்று, முழு வேதாகமத்துக்கும் ஒரே புத்தகம். கையடக்கமாக இருக்கிறது, ஆனால் அடைக்கலப் பட்டணத்துக்கு நான்கே வரி. இரண்டாவதில் ஆறு ஊர்களுக்கும் வரைபடம், மூலமொழிச் சொல்லுக்கு அர்த்தம் எல்லாம் இருக்கிறது. எந்த ஊர் எங்கே என்று தெரிந்து அவர் என்ன செய்யப்போகிறார்? மூன்றாவது, எப்போதோ வாழ்ந்த ஒரு போதகர் ஆறு பாகமாக எழுதியது. அதில் இந்த இடத்துக்கு மட்டும் ஐந்து பக்கம். இரண்டு பக்கம் நின்றபடியே படித்தேன். தெரியாமல் சிந்திய இரத்தமும் இரத்தம்தான் என்று ஒரு வரி வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

நான்கு வரிப் புத்தகம் கொடுத்தால் அவர் பசி அடங்காது. ஐந்து பக்கப் புத்தகத்தைக் கொடுத்தால் ஆளே உடைந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. எது என்று நீயே சொல்லிவிடு. நீ சொன்னால் நான் யோசிக்க மாட்டேன்.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
தங்கை


அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. ஐந்து பக்கப் பெரியவரையே வாங்கு, அவர் கடினமான வசனம் எதையும் சுற்றிக்கொண்டு போகமாட்டார், அழ வேண்டிய இடத்தில் கூட உட்கார்ந்து அழுவார் என்று எழுதியிருந்தாய். முதல் பாகத்தை வாங்கினேன். பைண்டிங் கடைக்காரர் கத்தியால் இரண்டு அட்டையையும் அறுத்து, பழுப்புக் காகிதம் ஒட்டிக் கொடுத்தார். நல்ல புத்தகத்தைக் கொல்லச் சொல்கிறாயே என்று முணுமுணுத்தார். சிறை வாசலில் ஒவ்வொரு தாளாக உதறிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள்.

அதற்குப் பிறகு இங்கே ஒன்று நடந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது வாசலில் ஒருவர் நின்றிருந்தார். பெயின்டரின் அண்ணன். கடிகாரம் பழுது பார்க்கிறவர். விசாரணை நடந்த நாளெல்லாம் கோர்ட்டில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. சண்டை போடவும் இல்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. அவரு நெஜமாவே தூங்கிட்டாரா? என் தம்பி பெல் அடிச்சிருப்பானே, அவன் அடிக்காம போகமாட்டானே" என்று கேட்டார்.

அக்கா, அவர் தூங்கவில்லை.

உன்னிடம்கூட இதுவரை நான் சொல்லவில்லை. விபத்து நடந்த அன்றைக்குச் சின்னவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து வாசலில் நிற்கிறேன், சாவி இல்லை. நல்ல வெயில். அவளுக்குக் கழிப்பறை போக வேண்டும், குதிக்கிறாள். போன் செய்தேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் எடுக்கவே மாட்டார், அது எனக்கும் தெரியும். மறுபடி செய்தேன். மூன்றாம் முறையும் செய்தேன். மூன்று தடவை அடித்ததும் வீட்டில் ஏதோ ஆபத்து என்று பயந்து எடுத்துவிட்டார். "சாவியை எங்க வச்சீங்க?" என்று நான் கத்தினேன். "மீட்டர் பெட்டி மேல" என்றார். அப்புறம் ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

போன் பேச்சு வெளியே வந்தால் என்னையும் கூப்பிட்டு நிற்கவைப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, தூங்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த அண்ணனிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாங்க, பிள்ளைக்குக் காய்ச்சல், ரெண்டு நாளா அவர் கண்ணை மூடல" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "பிள்ளைக்கு இப்ப தேவலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அக்கா, என்னை ஓங்கி ஒரு அறை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் போய் அந்த மனுஷனிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். அதற்குள் காவலர் பக்கத்தில் வந்துவிட்டார். வேண்டாம் என்று விரலை மட்டும் அசைத்தார். சொன்னால் பொய்ச் சாட்சி என்று இவர் தண்டனை கூடுமோ, என்னையும் பிடித்துப்போனால் சின்னவள் தனியாக நிற்பாளோ, ஒன்றும் விளங்கவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. தினமும் நானூறு போர்வை மடிக்கிறேன். மடித்து முடித்த பிறகுதான் மடித்ததே தெரிகிறது.

பிறகு அவர் புத்தகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்கூட இருந்தது. பிரதான ஆசாரியர்களின் அம்மாக்கள் அந்தப் பட்டணத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் துணியும் அனுப்புவார்களாம், தங்கள் பிள்ளை சீக்கிரம் சாகட்டும் என்று அவர்கள் ஜெபம் பண்ணிவிடக்கூடாதே என்று. யூதர்களிடம் அப்படி ஒரு பழைய பேச்சு உண்டாம். அதைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள்.

எழுந்திருக்கும்போது வலையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அந்த அஞ்சு பக்கத்தையும் மூணு தடவை படிச்சிட்டேன். செஞ்சவனைப் பத்திதான் எல்லாம் இருக்கு. கூப்பிட்டவங்களைப் பத்தி ஒரு வரிகூட இல்ல. நீ பயப்படாம இரு."

அப்போதுதான் புரிந்தது. விளக்கவுரை கேட்டதும், வரிவரியாகத் தேடியதும் தனக்காக இல்லை.

நான் பயப்படாமல் இருக்க வேண்டும் என்றுதான் சொன்னார். எனக்கோ அதற்குப் பிறகுதான் பயமே வந்தது. செய்தவனுக்கு ஆறு ஊர் ஒதுக்கியிருக்கிறது. மூன்று முறை கூப்பிட்டவள் எந்த ஊருக்கு ஓடுவாள்?

உன் நூலகத்தில் அலமாரி அலமாரியாக விளக்கவுரைகள் இருக்கும். எனக்காக ஒருநாள் உட்கார்ந்து பார், அக்கா. எங்காவது, யாராவது, என்னைப் போன்றவளைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால், அது எவ்வளவு கடுமையாக இருந்தாலும் அப்படியே பார்த்து எழுதி அனுப்பு. ஒன்றுமே இல்லையென்றால், இல்லை என்று மட்டும் எழுதிவிடாதே. நீயும் அத்தானும் சுகமாக இருப்பதாக எழுது, போதும்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் தங்கை