ஏலக்காய் ஸ்டோரில் ஆறு பாட்டு

அக்டோபர் 3, வெள்ளி

பிசிக்ஸ் லேபில் இசைக்கவை (ட்யூனிங் ஃபோர்க்) இரண்டைக் காணவில்லை. இரண்டாம் வருடத்துக்காரர்கள் மேல் சந்தேகம். நிரூபணம் இல்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் ஏசுரத்தினம் அண்ணனும் ஜோஜோவும் நின்றார்கள். அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் பாய்லர் பார்ப்பவர், ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ். ஜோஜோ வாரமெல்லாம் ஜீப், ஞாயிறு கிதார். ஐந்து பேர் பாண்ட். அவர்கள் பாட்டு ஆறும் எனக்குத் தெரியும். தெரியாமல் இருக்க வழியில்லை. ஒத்திகை நடப்பது என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி.

மாவட்ட மலைவிழாவில் வாசிக்க விண்ணப்பம் போடுகிறார்களாம். ஆட்களுக்கு முன்னால் வாசித்த ஆறு பாட்டு, தொடர்ச்சியாக, வெட்டாமல் ஒட்டாமல், மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். போன வருடம் ஃபோனில் பதிந்து அனுப்பினார்கள். பாடல்கள் எந்த மொழி என்று கமிட்டியிலிருந்து மரியாதையாகக் கேட்டு எழுதினார்களாம்.

"நீங்க சவுண்டு படிச்சவங்கல்லா," என்றார் அண்ணன்.

எம்.ஃபில்லில் நான் படித்தது, சாக்கும் வைக்கோலும் ஒலியை எவ்வளவு உறிஞ்சும் என்பது. இருபத்தைந்து வருடமாக அதைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. வைவாவிலேயே அதிகம் கேட்கவில்லை.

"மார்ச்சில எனக்கு ரிட்டையர்மென்ட். இந்தத் தடவையும் இல்லைன்னா டிரம்ஸை சர்ச்சுக்குக் கொடுத்துட்டு ஊரப் பாக்கப் போயிருவேன் டீச்சர். பாண்டும் அதோட சரி." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஜோஜோ சிரிக்கவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

விழா நோட்டீஸில் கடைசி விதி: பதிவில் கேட்கும் குரல்கள் அத்தனையும் மேடையில் நிற்க வேண்டும், ஒரு ஆள் குறைந்தாலும் தள்ளுபடி. போன வருடம் யாரோ வெளியாளை வைத்துப் பாடி அனுப்பி ஏமாற்றியிருக்கிறார்கள். நல்ல விதி. நான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

கச்சேரிக்கு இடம் தேடினோம். சர்ச் ஹாலில் பெயின்ட் வேலை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை. மிச்சம் இருப்பது சக்குபள்ளத்தில் ஏலக்காய் வியாபாரி ஜிஜியின் ஸ்டோர், மூட்டை அடுக்கும் கிடங்கு. சிமெண்ட் தரை, சிமெண்ட் சுவர், தகரக் கூரை.

கை தட்டிப் பார்த்தேன். சத்தம் நாலு சுவரையும் போய் விசாரித்துவிட்டு, நாலு விநாடி கழித்துத்தான் அடங்கியது. பாடுகிற ஜெஸ்னா (க்ளினிக்கில் நர்ஸ்) ஒரு வரி பாடினாள். முதல் சொல் இறங்குவதற்குள் கடைசிச் சொல் மேலே போய் அதை முட்டியது.

"சூப்பரா இருக்குல்லா டீச்சர்? பாத்ரூம்ல பாடுத மாதிரி."

அதுதான் பிரச்சினை என்றேன்.

மூன்று மணிக்கு வழக்கமான மழை. தகரத்தின் கீழே நான் சொன்னது ஒருவருக்கும் கேட்கவில்லை. கேட்காததே நல்லது.

அக்டோபர் 6, திங்கள்

ஏன் சரி என்று சொன்னேன்?

அக்டோபர் 11, சனி

மறுபடி ஸ்டோர். மூலையில் அடுக்கியிருந்த ஏலக்காய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று தட்டினேன். சத்தம் அங்கேயே செத்தது. இன்னொரு தடவை தட்டினேன். பிறகு இன்னொரு தடவை. ஜோஜோ ஒரு மாதிரி பார்த்தான்.

ஜிஜியிடம் கேட்டேன். அறுபது மூட்டை இருக்கிறதாம். சுவரோரமாக அடுக்கிக்கொள்ளலாமாம். "எடுத்தோ டீச்சரே, ஒரு குழப்பமும் இல்ல. நம்ம லாரி இருவதாம் தேதி திங்கக்கிழமைதான்." கச்சேரி அதற்கு முந்தின நாள், ஞாயிறு காலை பதினொன்றுக்கு. ஆராதனை முடிந்த ஆட்கள் நேராக வருவார்கள், மழைக்கு முன் முடித்துவிடலாம். கணக்கு சரியாக இருக்கிறது. எனக்குச் சரியாக இருக்கும் கணக்கின் மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

அக்டோபர் 18, சனி

பாண்ட் பையன்கள் மூன்று மூட்டை நகர்த்தியிருப்பார்கள். சுமைத் தொழிலாளர் யூனியன் செயலாளர் சுடலை வந்துவிட்டார்.

"மூட்டையத் தொட்டது யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"டீச்சர், நீங்க படிச்சவங்க. இங்க சாக்குன்னு ஒண்ணு நகர்ந்தா அது எங்க தோள்ல ஏறித்தான் நகரணும். லாரிக்கா?"

"இல்லை. எதிரொலிக்கு."

மூட்டைகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "எதிரொலிக்கு எத்தன அட்டி போடணும்?"

நாலடுக்கு என்றேன். எட்டுப் பேர் அரை மணியில் முடித்தார்கள். அளவெடுத்த மாதிரி அடுக்கு. பின்பக்கம் எனக்கென்று தனியாக ஒரு மூட்டைச் சுவர். அதற்குப் பின்னால் நானும் லேப்டாப்பும். ஹால் மைக் இரண்டும் சுவருக்கு அந்தப் பக்கம், ஆட்களைப் பார்த்தபடி. மூட்டை இருக்கிறவரை நான் என்ன செய்தாலும் அந்த மைக்குக்குத் தெரியாது. இதைத்தான் ஆய்வேட்டில் நாற்பது பக்கம் எழுதியிருந்தேன்.

கை தட்டினேன். ஒரு விநாடிகூட இல்லை.

"இப்பம் என்ன ஆச்சு?" என்றார் சுடலை.

"எதிரொலி போய்விட்டது."

"எறக்குனது நாங்கதான்," என்று தன் ஆட்களிடம் சொன்னார்.

அக்டோபர் 19, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்குச் செய்தி: நாளை ஹர்த்தால். லாரி ஓடாது. செவ்வாய் காலை ஏலத்துக்குச் சரக்கு இன்றே போயாக வேண்டும். ஜிஜி இதை என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தாராம்.

பதினொன்றுக்குத் தொடங்கினோம். நூறு பேர் இருக்கும். நான் என் சுவருக்குப் பின்னால், காதை முழுக்க மூடிய ஹெட்ஃபோனோடு. முதல் நாலு பாட்டு... என்ன சொல்ல. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. யாரும் எந்த மொழி என்று கேட்க முடியாது.

நாலாவது பாட்டு முடிந்து கைதட்டல் ஓயும்போது பக்கக் கதவு திறந்தது. லாரியின் பின்பக்கம். சுடலையும் எட்டுப் பேரும், ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு, தலையில் துண்டு.

நான் மூட்டைக்கு மேல் எழுந்து நின்று கையை ஆட்டினேன். சுடலையும் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

நிறுத்தினால் பதிவு போச்சு. அண்ணன் என்னைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், குச்சியை மூன்று தட்டுத் தட்டி ஐந்தாவது பாட்டைத் தொடங்கிவிட்டார்.

முதலில் எடுத்தது என் சுவரைத்தான். கதவுக்குப் பக்கம் அதுதானே. அடுத்து மேடை ஓரம். மூட்டைக்கு வழி விட ஜெஸ்னா மைக்கை விட்டு நகர்ந்தாள், பாடிக்கொண்டே. நகர்ந்தவள் திரும்ப வரவில்லை. சுமக்கிறவர்களோடு கதவு வரை நடந்து பாடினாள். ஒரு சரணம் போனதும் எட்டுப் பேரும் டிரம்ஸுக்குக் கால் வைத்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள். ஜனம் எழுந்து நின்றது.

ஆறாவது பாட்டு முடியும்போது ஒரு மூட்டைகூட இல்லை. வெறும் சிமெண்ட்.

"பாட்டு முடியறதுக்குள்ள லோடு முடிச்சாச்சு டீச்சர்," என்றார் சுடலை. பாராட்டை எதிர்பார்த்து நின்றார். நல்ல வேலை என்றேன். உண்மைதானே.

அக்டோபர் 20, திங்கள். ஹர்த்தால்

நாள் முழுக்கக் கலவை. நாலு பாட்டு பிரச்சினை இல்லை. ஆறாவதில் ஜெஸ்னா தன் மைக்குக்குத் திரும்பியிருந்தாள், ஹால் மைக்கை மூடிச் சமாளித்தேன். ஐந்தாவதில் ஜெஸ்னாவின் மைக்கில் ஜெஸ்னா இல்லை. அவள் இருப்பது ஹால் மைக்கில் மட்டும். அதை ஏற்றினேன். தகரக் கூரை முழுக்க அவள் குரல். காலடிச் சத்தம், டிரம்ஸ். வேறு யாராவது சொன்னால் நம்ப மாட்டேன், ஆனால் ஆறு பாட்டில் இதுதான் நல்ல பாட்டு.

கூடவே இன்னொரு பெண் குரல். மைக்குக்கு மிகப் பக்கத்தில். கீழ்ச் சுருதியில், வரிக்கு வரி, ஒரு சொல் விடாமல்.

யார் இது?

அக்டோபர் 20, மறுபடி

நான்தான்.

அக்டோபர் 22, புதன்

நான் பாடுவதில்லை. சர்ச்சில்கூட வாயசைப்பதோடு சரி. அதுவும் பாதிரியார் இந்தப் பக்கம் பார்த்தால். காதை மூடியிருந்ததால் எனக்கே கேட்கவில்லை. அப்படியென்றால் முதல் நாலு பாட்டிலும் பாடியிருக்கிறேன்! மூட்டைதான் மானத்தைக் காப்பாற்றியது. ஆய்வேட்டின் முடிவுகள் முற்றிலும் சரி என்று இப்போது சொல்லலாம்.

என் குரலை அரித்து எடுக்கப் பார்த்தேன். ஜெஸ்னாவும் சேர்ந்து போகிறாள். ஹால் மைக்கை மூடினால் பாட்டே இல்லை. பாட்டு குறைந்தால் விண்ணப்பம் இல்லை.

பதிவில் கேட்கும் குரல் மேடையேற வேண்டும் என்ற அந்த விதி. நல்ல விதி என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 24, வெள்ளி

அண்ணன் கேட்க வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாய்லரையும் இப்படித்தான் கேட்பாராம். சத்தத்திலேயே எந்த வால்வு என்று சொல்லிவிடுவாராம். ஐந்தாவது பாட்டில் கண்ணைத் திறந்தார்.

"கீழ ஒரு குரல் வருதே?"

"எதிரொலி."

"எதிரொலி வேற சுருதியிலயா வரும் டீச்சர்?"

சில கட்டிடங்களில் வரும் என்றேன். முப்பது பேருக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அண்ணன் தலையை ஆட்டி, கடைசிவரை கேட்டார். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாய்லர் புகை இங்கே ஏது?

"இருக்கபடியே அனுப்பிருங்க."

இருக்கிறபடியே அனுப்பினேன். ஹால் மைக்கை இன்னும் இரண்டு டெசிபல் குறைத்திருக்கலாம். குறைக்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

தேர்வாகிவிட்டார்கள்.

ஜோஜோ ஜீப் ஹார்னை அடித்துக்கொண்டே தெரு முழுக்கப் போனான். அண்ணன் கடிதத்தோடு வந்தார். டிசம்பர் இருபத்தேழு, இருபது நிமிடம். பதிவில் கேட்கும் ஆறு கலைஞர்களின் பெயர்களையும் எழுதி அனுப்பவும், விதி எண் ஒன்பது.

"ஐந்து பேர்தானே," என்றேன்.

"ஆறுன்னு எழுதியிருக்காங்க. அவங்களுக்கு எதிரொலியப் பத்தித் தெரியாது போல." முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "ஒரு ஆளு குறைஞ்சா தள்ளுபடியாம்."

"அண்ணே, நான் மேடையில எல்லாம்... முடியவே முடியாது. தயவுசெய்து வேற..."

படிவத்தை மேசையில் வைத்தார். ஐந்து பெயர் எழுதியிருந்தது. ஆறாவது கோட்டில் பேனாவை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நவம்பர் 15, சனி

காலையில் இசைக்கவைகள் கிடைத்தன. என் மேசை டிராயரிலேயே இருந்தன. இரண்டாம் வருடத்துக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஆறு பெயரோடு படிவத்தைத் தபாலில் போட்டாயிற்று. ஒத்திகை நாலு மணிக்கு, இரண்டு வீடு தள்ளி. விழா மேடையில் எனக்கு முன்னால் நாலு மூட்டை அடுக்க முடியுமா என்று சுடலையைக் கேட்டேன். யூனியனில் பேசிச் சொல்கிறேன் என்றார்.