தோபுர்னி

பெய்ரூட்
அக்டோபர் 7, செவ்வாய்

அன்புள்ள நெர்மீன்,

நம் ‘ஷுர்ஃபா’ செயலியில் எழுதினால், வசைகளைத் தடுக்க நீ போட்ட சல்லடை விழுங்கிவிடும். அதனால்தான் மின்னஞ்சல்.

நான் பார்த்துச் சரி சொல்லும்வரை அதை ஓடவிடாதே என்றேனே, கேட்டாயா? எங்கள் ஊர் அம்மாக்கள் வாய்க்கு வாய் சொல்வது ‘தோபுர்னி’. நீதான் என்னைப் புதைக்க வேண்டும், நீ இல்லாமல் ஒரு நாளும் எனக்கு வேண்டாம் என்று கொஞ்சுவது. உன் சல்லடைக்கு அது கொலை மிரட்டலாம். வெள்ளியிலிருந்து நாலாயிரம் பெண்களின் கணக்கை முடக்கியிருக்கிறது. மான்ட்ரியாலில் இருக்கும் மகனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதிய என் அத்தை சல்வாவும் அதில் ஒருத்தி. “ஏன்டி, என்னைப் பார்த்தா ரவுடி மாதிரியா இருக்கு?” என்று கேட்கிறாள்.

அதை நிறுத்து. இல்லையென்றால் கூட்டாளி என்று என் பெயரைப் போடாதே.

கின்வா

*

கெய்ரோ
அக்டோபர் 8

அன்புள்ள கின்வா,

நாளை நிறுவனத்தை வாங்க வருகிறார்கள். அவர்கள் வருவதே அந்தச் சல்லடையைப் பார்த்துத்தான். “பொம்பளைங்க அரட்டைக்கு ஒரு கம்பெனியா?” என்று என் அண்ணன் ஆறு வருடமாகச் சிரிக்கிறான். அந்த வாயை அடைக்க எனக்கு இந்த ஒரு நாள் வேண்டும். எங்கள் ஊரில் புதை என்றால் புதைதான். நாளை ஒரு நாள் பொறு.

இன்னொன்று. சனிக்கிழமை அப்பா இறந்தபோது முகம் தெரியாதவர்கள்கூட ஷுர்ஃபாவில் ஆறுதல் எழுதினார்கள். நீ ஒரு வரி எழுதவில்லை. அத்தைக்காக மட்டும் பொங்குகிறாய். வலிக்கிறது.

நெர்மீன்

*

பெய்ரூட்
அக்டோபர் 8, மாலை

நெர்மீன்,

எழுதினேன். அன்றைக்கே, ஷுர்ஃபாவில். நீதான் பதில் போடவில்லை. மறுபடி எழுதப் போனபோது, துக்கத்தில் இருக்கிறாள், தொந்தரவு செய்யாதே என்று அம்மா தடுத்தாள்.

செயலியை நடத்துபவர்கள் என்பதால் நம் இருவர் கணக்கும் முடங்காது, செய்தி மட்டும்தான் மறையும். தடுத்தவை கிடக்கும் பட்டியலைத் திறந்து பார். நாளை கையெழுத்துக்கு நான் வரமாட்டேன்.

கின்வா

*

கெய்ரோ
அக்டோபர் 9, வியாழன்

என் கின்வா,

காலையில் பட்டியலைத் திறந்தேன். உன்னைத் தேடிப் போனால் வழியெல்லாம் அம்மாக்கள். ‘சாப்டியா, தோபுர்னி.’ ‘மாத்திரைய மறக்காத, தோபுர்னி.’ நடுவில் உன்னுடையது, சனிக்கிழமை மதியம்: ‘அழாதடி. எந்த வீட்ல இருக்கன்னு மட்டும் சொல்லு, கிளம்பி வரேன். தோபுர்னி.’ அதன்மேல் சிவப்பில் ‘கொலை மிரட்டல்’. அந்தச் சொல்லைத் தடைப் பட்டியலில் சேர்த்தது வேறு யாருமில்லை, நான்தான்.

வந்தவர்கள் எதிரிலேயே சல்லடையை அணைத்தேன். “இது இல்லாம இதுல என்ன இருக்கு?” என்றார் அவர்களில் பெரியவர். “என் கூட்டாளி பார்த்துச் சரி சொல்லணும். அப்புறம் வாங்க” என்றேன். காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். அண்ணன் இனி இன்னும் நன்றாகச் சிரிப்பான். அத்தையின் கணக்கு திறந்துவிட்டது, மற்றவர்களுடையதும்தான். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

நீ கேட்டதற்கு ஐந்து நாள் கழித்துப் பதில் சொல்கிறேன். அப்பா வீட்டில்தான் இருக்கிறேன். வா.

தோபுர்னி,
நெர்மீன்