தவளைக்கால் தட்டு

அக்டோபர் 9, 1998, வெள்ளி

மார்ஜி போன் செய்தாள். நாளைக்காவது ஏரிக்கரை கிளப்புக்கு வருகிறீர்களா என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி. அவளும் அவள் கணவன் கென்னும் நாங்களும் சனிக்கிழமை தவறாமல் அங்கேதான் சாப்பிடுவோம். ஏப்ரல் வரை அப்படி. ஏப்ரலில் என் கணவர் ஹார்லனுக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது, பேச்சும் தேறிவிட்டது. வலது கை மட்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையுறை மாதிரி மடியில் கிடக்கிறது.

"சளின்னு சொல்லிடு," என்றார் உள்ளேயிருந்து.

போன வாரமும் சளிதான். ஒரு மனுஷனுக்கு எத்தனை வாரம் சளி பிடிக்கும்?

வீட்டில் இறைச்சியை அடுக்களையிலேயே நறுக்கித் தட்டில் வைத்துவிடுகிறேன். அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. ஆனால் வெளியே? "ஊரே பாக்க எனக்குக் கறி நறுக்கிக் குடுப்பியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எனக்குக் கிளப்புக்குப் போக வேண்டும். எழுதிப் பார்த்தால் சின்னத்தனமாக இருக்கிறது. இருந்தாலும் வேண்டும். ஜன்னலோர மேசை, மெழுகுவர்த்தி, முதலில் வரும் முள்ளங்கியும் ஊறுகாயும், ஒரு மடக்கு பிராந்தி உள்ளே போனதும் ஹார்லன் கென்னைக் கேலி பண்ண ஆரம்பிப்பது. அந்த ஹார்லன் எனக்கு வேண்டும்.

அக்டோபர் 12

அலமாரியைத் துடைத்தபோது மாமியாரின் வெள்ளிக் கரண்டிகள் கையில் பட்டன. ஆகஸ்டா! அவர் நடத்திய பாடம்: ஒரு துண்டு வெட்டு. கத்தியைத் தட்டின் மேல் ஓரத்தில் வை. முள்கரண்டியை வலது கைக்கு மாற்று. மென்று விழுங்கு. பிறகுதான் மறுபடியும் கத்தி. இடது கை மடியில். மொத்தமாக நறுக்கி வைத்துக்கொள்வது பால்குடி மறக்காத பிள்ளைகளுக்கு — இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார்.

முதல் தடவை அவரைப் பார்த்ததே அந்தக் கிளப்பில்தான். 1956. ஹார்லன் என்னைக் காட்டுவதற்காகக் கூட்டிப்போயிருந்தார். நான் பண்ணை வீட்டில் எட்டுப் பேரோடு முட்டி மோதிச் சாப்பிட்டு வளர்ந்தவள். பெரிய இடத்தில் பெரிய மனுஷி மாதிரி இருக்கட்டுமே என்று தவளைக்கால் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். வந்தது. ஜோடி ஜோடியாகக் கால்கள். கையால் எடுப்பதா, கத்தியால் வெட்டுவதா? பார்த்துக் காப்பியடிக்கலாமென்றால் அவர்கள் இரண்டு பேர் தட்டிலும் ஸ்டேக், கனத்த மாட்டிறைச்சித் துண்டு. விருந்தாளி தொடங்காமல் தொடக் கூடாது என்று ஆகஸ்டா கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறார்.

"ஆறுது பாரும்மா," என்றார்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது ஹார்லன், "தவளைக்கால்னா எனக்கு உயிர். மாத்திக்கலாமா?" என்று சொல்லிக்கொண்டே என் தட்டைத் தூக்கித் தன் முன்னால் வைத்து, தன் தட்டை என்னிடம் தள்ளினார்.

"ஹார்லன். இது சாப்பாட்டு மேசை. மாட்டுக்கொட்டகை இல்ல."

அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு விரலால் எடுத்து எலும்பு வரை உறிஞ்சிச் சாப்பிட்டார். இவரைத்தான் கட்டிக்கொள்வது என்று நான் அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

பத்து வருஷம் கழித்து, ஆகஸ்டாவை அடக்கம் பண்ணிவிட்டுக் காரில் வரும்போது சொன்னார்: "அந்தக் கருமத்த எப்படி முழுங்கினேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.

அக்டோபர் 17, சனி

இன்று தானாகவே வந்து, "டை கட்டி விடு," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

போயிருக்கவே கூடாது.

நாலு பேரும் ஸ்டேக் சொன்னோம். பரிமாறுகிற டார்லா தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். மூன்று தட்டில் முழுசாக. ஹார்லன் தட்டில் மட்டும் சின்னச் சின்னத் துண்டுகளாக, நாய்க்குட்டிக்கு வைப்பதுபோல. மார்ஜி முன்கூட்டியே போன் பண்ணிச் சமையலறையில் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஹார்லன் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டின் குறுக்கே ஒட்டினாற்போல் சேர்த்து வைத்தார், சாப்பிட்டு முடித்தவர்கள் வைப்பதுபோல. ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

"ரொம்ப நல்லா இருந்துச்சு, டார்லா. எடுத்துக்க."

நாங்கள் முடிக்கும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கென்னிடம் ஏரியில் மீன் அகப்படுகிறதா என்று விசாரித்தார். அவர் அம்மா இருந்திருந்தால் ஒரு குறை கண்டுபிடித்திருக்க முடியாது.

காரில்: "நீதானே சொல்லி வச்ச?"

மார்ஜியைக் காட்டிக் கொடுக்கவில்லை. நல்லதாக நினைத்துத்தான் செய்திருப்பாள், பாவி.

நவம்பர் 3

ஓட்டுப் போடப் போனோம். இடது கையால் கையெழுத்துப் போட்டார். மேசையில் இருந்த பெண் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்தாள்.

நவம்பர் 15

முதல் பனி. ஹார்லனுக்குச் சூப், அதற்குக் கத்தி வேண்டாம். எனக்கும் சூப்.

நவம்பர் 24

சனிக்கிழமை எங்கள் கல்யாண நாள். நாம் இரண்டு பேர் மட்டும் போகலாமா என்று கேட்டேன். "யாருகிட்டயும் முன்னாடியே ஒண்ணும் சொல்லக் கூடாது," என்றார். சரி என்றேன்.

நவம்பர் 28, சனி

தூங்குவதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன்.

ஜன்னலோர மேசை. டார்லா வந்து, "உனக்கென்ன வேணும், கண்ணு?" என்றாள். அவளுக்கு எழுபது வயதுக்காரரும் கண்ணுதான். நான் ஸ்டேக் சொன்னேன். ஹார்லன் மெனு அட்டையை மூடிவிட்டு, "தவளைக்கால்," என்றார்.

ஏன் என்று எனக்குப் புரிந்தது. கையால் எடுத்துச் சாப்பிடலாம், ஒரு கை போதும். இவ்வளவு யோசித்து வந்திருக்கிறார் மனுஷன்.

வந்ததும் ஒன்றை எடுத்துக் கடித்தார். தண்ணீர் குடித்தார். இன்னொன்று. மறுபடியும் தண்ணீர்.

நான் என் ஸ்டேக்கை நறுக்கினேன். ஒரு துண்டு இல்லை, முழுவதும். கடைசி ஓரம் வரை, கத்தி தட்டில் கிறீச்சிட. பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொள்ளட்டும். கத்தியைக் கீழே வைத்தேன்.

"தவளைக்கால்னா எனக்கு உயிர்," என்றேன். "மாத்திக்கலாமா?"

கத்தியும் முள்கரண்டியும் மறுபடி ஒட்டிப் படுத்துவிடுமோ என்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயம், அப்படியொரு பயம்.

"டெலோரஸ்," என்றார். "இது சாப்பாட்டு மேசை." தட்டின் ஓரத்தில் கை வைத்தார். "மாட்டுக்கொட்டகை இல்ல."

சொல்லிவிட்டு, இடது கையால் தன் தட்டை என் பக்கம் தள்ளினார்.

பாதியில் டார்லா வந்து, "ஆச்சா கண்ணு, எடுத்துக்கட்டுமா?" என்றாள்.

"கைய வச்சே, கடிச்சிருவேன்," என்றார் ஹார்லன், வாய் நிறைய இறைச்சியோடு. வாயில் வைத்துக்கொண்டு பேசினார்! ஆகஸ்டா, மன்னித்துவிடுங்கள்.

டிசம்பர் 4, வெள்ளி

காலையில் ஹார்லனே கிளப்புக்குப் போன் போட்டார். நான் அடுக்களையில் இருந்தேன், எல்லாம் கேட்டது.

"நாளைக்கு நாலு பேரு, டார்லா. ஜன்னலோரம். தவளைக்கால் தீந்துடாம ஒரு தட்டு எடுத்து வை. என் பொண்டாட்டிக்கு அதுன்னா உயிர்."

சேற்று நாற்றம் அடிக்கிறது அது. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை வாய் கொப்பளித்தேன். இதை அவரிடம் சொல்ல எனக்கும் பத்து வருஷம் ஆகட்டும்.