தலைப்பில் ‘வேறு’ என்று போடவும்

ஜூன் 3, திங்கள்

கச்சான் காற்று. காயப்போட்ட உடுப்பெல்லாம் மணல். சீனி முடிந்தது, வாங்க வேண்டும்.

காலையில் குழுவின் மெயில்கள். கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கென்று நான் நடத்தும் மெயில் குழு. எல்லோரும் இந்தக் கரையோரத்து ஆட்கள். இன்று வந்தவை:

– பிரிண்டரில் மை கசிகிறது, என்ன செய்யலாம்?
– விசா போட்டோவுக்கு எந்த ஸ்டூடியோ நல்லது?
– கிணற்று மோட்டர் தண்ணீர் இழுக்கவில்லை. (நிஸ்பர். என் சாச்சியின் மகன், உம்மாவின் தங்கை மகன். வேறு யார்.)

நிரல் பற்றி ஒன்றே ஒன்று.

மத்தியானம் குணநாதன் சேரின் தனி மெயில். காரைதீவில் இருக்கிறார், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கஷ்டமான கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே மனிதர். “இன்னொரு மோட்டர் வந்தால் நான் விலகிக்கொள்கிறேன்.” அவ்வளவுதான்.

அவர் போனால் குழு முடிந்தது. நானும்தான். நோயாளிகளுக்கு வரிசை நம்பர் கொடுக்க டிஸ்பென்சரிக்கு எழுதிய நிரலில் பிழை. இரண்டு கவுண்டரிலும் ஒரே நேரத்தில் பொத்தானை அமத்தினால் இரண்டு நோயாளிக்கும் 14. சனி பத்து மணிக்கு டொக்டருக்கு ஓட்டிக் காட்ட வேண்டும். சேரை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

நிஸ்பரின் மெயிலைத் திருப்பி அனுப்பினேன். மரியாதையாகத்தான். ‘தயவுசெய்து’ இரண்டு தடவை.

அஸர் தொழுகைக்குப் பிறகு சாச்சி வாசலில்.

“என்ன புள்ள, நிஸ்பர்ர கேள்வியத் திருப்பி அனுப்பிட்டாயாம்?”

“அது மோட்டர் கேக்கிற இடம் இல்ல சாச்சி.”

“அங்க படிச்ச ஆக்கள் இருக்காங்கதானே? தெரிஞ்ச ஆக்கள்ட்டத்தானே கேக்கிற?”

சாச்சி சொன்னதும் நியாயம்தான். அதுதான் எரிச்சல். பிளேன்டீ குடிக்காமலே போய்விட்டார். உம்மா இரவுச் சாப்பாடு வரை என்னோடு கதைக்கவில்லை.

ஜூன் 5, புதன்

புது விதி போட்டேன். நிரலுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்றால் தலைப்பில் முதல் சொல் ‘வேறு’. விரும்பாதவர் படிக்காமல் விடலாம். யாரையும் திருப்பி அனுப்பத் தேவையில்லை.

சேருக்குச் சந்தோஷம். ‘வேறு’ என்று வருவதெல்லாம் நேராகக் குப்பைக்குப் போகும்படி அமைத்துவிட்டாராம். நன்றி வேறு சொல்லியிருந்தார்! ஒரு பெரிய சுமை இறங்கியது. 14 பற்றிய என் கேள்வியையும் குழுவில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

சீனி மறந்தேன்.

ஜூன் 6, வியாழன்

யா அல்லாஹ். எல்லாமே ‘வேறு’.

– வேறு: என் லூப் நிற்கவே இல்லை
– வேறு: தேதிகளை வரிசைப்படுத்துவது எப்படி
– வேறு: மன்னிக்கவும், சின்னச் சந்தேகம்
– வேறு: மோட்டர் (நிஸ்பர், மறுபடியும்)

லூப் கேள்வி பாலமுனை சமீஹாவுடையது. போன் எடுத்துக் கேட்டேன், அது நிரல் கேள்விதானே, ஏன் ‘வேறு’ என்று.

“என்ட சின்னக் கேள்விதானே மிஸ். பெரிய ஆக்கள் இருக்கிற இடத்தில நேராப் போட்டா மரியாதையில்லையே.”

மற்ற இருவரையும் கேட்டேன். அதே பதில், அதே குழைவு. இவர்களைத் திட்டவும் முடியாது, மெச்சவும் முடியாது. சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

என் கேள்விக்கும் பதில் இல்லை. சேர் ஏன் மௌனம்? கோபமா?

ஜூன் 7, வெள்ளி

ஜும்ஆவுக்கு ஆண்கள் போன நேரம் குழுவுக்கு ஒரு மெயில். சேர். தலைப்பே இல்லை.

“இரண்டு நாளாக ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லோரும் சுகமா?”

நிரல் பற்றி ஒரு சொல் இல்லை. விதிப்படி இதற்கும் தலைப்பில் ‘வேறு’ வேண்டும். சிரித்தேன். பிறகு ஒரு மாதிரியாக இருந்தது. மனைவி காலமான பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்கிறார் என்று யாரோ சொன்ன ஞாபகம்.

அப்போதுதான் உறைத்தது. ‘வேறு’ எல்லாம் சேரின் குப்பைக்கல்லவா போயிருக்கும். என் மெயிலைத் திறந்து பார்த்தேன். “வேறு: என் சொந்த வேலை, மன்னிக்கவும்.” காசு வாங்கிச் செய்கிற வேலை, குழு நடத்துகிறவளே அதைக் கேட்பது அழகில்லை என்று நானே போட்டிருக்கிறேன். நானே! சமீஹாவுக்குப் பாடம் எடுத்தவள்.

குப்பையைத் திறந்து பார்க்கச் சொல்லி சேருக்கு எழுதினேன்.

ஜூன் 8, சனி

9.20. சேரின் பதில் காலையிலேயே வந்திருக்கிறது. “பார்த்தேன். நல்ல கேள்வி, நிரல் கேள்விதான். தலைப்பைத் திருத்தி மறுபடி அனுப்பவும். பதில் தயார்.”

தலைப்பைத் திருத்தி! பத்து மணிக்கு டொக்டர்! வந்த கோபத்தில் போன் எடுத்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

“சேர், தலைப்பு கிடக்கட்டும். அந்தப் பதிலச் சொல்லுங்க.”

“ஆ, பிள்ளையா? சொல்றன், சொல்றன். முதல்ல சொல்லுங்கோ, சுகமா இருக்கிறீங்களா?”

ஓம் என்றேன். உம்மா சுகமா என்றார். ஓம். எங்கள் சாய்ந்தமருதிலும் இந்தக் காற்றா என்றார். தான் காலையில் புட்டு அவித்ததையும், தேங்காய் துருவத் தெரியாமல் விரலைக் கிழித்துக்கொண்டதையும் சொல்கிறார். மகள் லண்டனிலாம், ஞாயிறு மட்டும்தான் போன் எடுப்பாளாம்.

போனைக் காதில் வைத்தபடி எழுதுகிறேன். 9.46. ஓட்டோ வாசலில் ஹோர்ன் அடிக்கிறது. 14க்குப் பதில் இன்னும் வரவில்லை. நிறுத்துங்க சேர் என்று சொல்ல வாய் வரவில்லை.