பதின்மூன்றாம் எண் வீடு

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலம் என்று எழுதித்தான் தொடங்கினேன். அதை அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். உன் அத்தானுக்கு இருமல் குறைந்திருக்கிறது.

எங்கள் வரிசையில் பதினாலு வீடு இருந்தும் 1, 2, 4, 5, 10, 11, 13, 14 இவற்றில் மட்டும்தான் ஆள் தங்குகிறது, மற்றதில் யார் வந்தாலும் ஒரு மாதம் தாண்டுவதில்லை என்று போன தடவை வேடிக்கையாக எழுதியிருந்தேன். நீயும் உன் கல்லூரிப் புத்தியோடு பதில் போட்டாய்: இவற்றில் எந்த மூன்று எண்ணும் சம இடைவெளியில் இல்லை, அப்படி மூன்று சேராமல் ஒன்றிலிருந்து வரிசையாகச் சேர்த்துக்கொண்டே போனால் இதே எண்கள்தான் வரும் என்று. படித்துவிட்டு நாங்கள் சிரித்தோம்.

அப்புறம்தான் நர்ஸ் பெண் கைக்குழந்தையோடு 12க்கு வந்தாள். 11, 12, 13 சேர்ந்துவிட்டதே என்று எனக்குச் சுருக்கென்றது. பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தேன். அடிக்கிற புருஷனை விட்டு வந்தவள் அக்கா நான், கணக்குக்குப் பயந்து எங்கே போவேன் என்றாள்.

அவள் இருந்தாள். மற்றவர்கள்தான் போனார்கள். 11இல் இருந்த எலக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து விழுந்தார். மனைவி அவரைத் தன் தாய் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டாள். 13இல் இருந்த புதுத் தம்பதி என்ன ஆனார்களென்று இன்றுவரை தெரியாது. ஒரு காலையில் அவர்கள் குக்கர் விசிலடித்துக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால் கதவு திறந்திருக்கிறது, இரண்டு டம்ளரில் காபி ஆவி பறக்கிறது, செருப்புகள் வாசலிலேயே கிடக்கின்றன. ஆள் இல்லை. போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனதோடு சரி.

எங்கள் கோடியில் மிச்சம் 10, 12, 14. அதுவும் சம இடைவெளிதான். பத்தில் டெய்லர், பதினாலில் நாங்கள், நட்டநடுவில் அவள். டெய்லரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் எதிரே வரும்போதெல்லாம் என் முகத்தையே பார்த்தார். உங்கள் வீட்டில் இரண்டு பேரும் சௌக்கியம்தானே என்று ஒருநாள் கேட்டார். கேட்ட விதம் நன்றாக இல்லை.

நேற்று அவர் தையல் மெஷின் சத்தமே கேட்கவில்லை. உட்கார்ந்தபடியே போயிருக்கிறார், தைத்த சட்டை பாதியில் நிற்கிறது. வயசானவர்தானே என்கிறார் உன் அத்தான். சேதி கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை தம்பி. அப்பாடா என்றிருந்தது.

நர்ஸ் பெண் இன்று குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு டியூட்டிக்குப் போயிருக்கிறாள். மடியில் தூங்குகிறது. ஒரு கையால் எழுதுகிறேன், கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

இந்த நேரம் பார்த்து உன் கடிதம் வருகிறது. நேரில் பார்த்தே தீருவேன், 13ஐப் பேசி முடித்துவிட்டேன், திங்கட்கிழமை சாமானோடு வருகிறேன் என்கிறாய். இந்தப் பக்கம் அவளும் குழந்தையும், அந்தப் பக்கம் நாங்கள், நடுவில் நீ. நான் யாருக்காக வேண்டிக்கொள்ளட்டும், யாரை விட்டுவிடட்டும்?

உன்னைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. கண்ணுக்குள்ளேயே நிற்கிறாய். நூறு வயசு நன்றாக இரு. அங்கேயே இரு.

இப்படிக்கு,
உன் அக்கா