இலை மட்டும் வளர்ந்த பாத்தி

செப்டம்பர் 6

கேரட் விதைத்தேன். பின்சுவரை ஒட்டிய பாத்தி, எட்டடி நீளம். ஒரு வாரமாகக் கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்ததும் கொத்தி, கல் பொறுக்கி, கட்டியெல்லாம் உடைத்து வைத்திருந்தேன். விதையை மணலோடு கலந்து கோடு கோடாகத் தூவி, மேலே ஈரச் சாக்கைப் போட்டேன். என் வீட்டுக்காரர் சமையலறை வாசலில் நின்று, "கோடு கோணலாப் போகுதே" என்றார். இன்றைக்கு அவர் பார்த்த தோட்ட வேலை அவ்வளவுதான்.

செப்டம்பர் 9

வீட்டுத்தோட்டச் சங்கத்தின் ஆண்டு மலர் தபாலில் வந்தது. பதினோராம் பக்கத்தில் அவர், இரண்டு கையிலும் என் முள்ளங்கி. 'ஓய்வுக்குப் பின் மண்ணை நேசிக்கும் மனிதர்' என்று கீழே போட்டிருக்கிறார்கள். படம் எடுத்தவள் நான். மண்வெட்டியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான், படத்துக்காக.

சங்கத்தில் வீட்டுக்கு ஒருவர்தான் சேர முடியும். அன்றைக்குப் படிவத்தை நிரப்பியது யார்? நான். பெயர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதியது எந்தக் கை? யாரைக் குறை சொல்ல.

இந்த வருடம் தோட்டம் பார்க்க நம் வீட்டுக்கு வருகிறார்களாம். டிசம்பர் 13. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும், இது என் தோட்டம் என்று. என் வாயாலேயே.

செப்டம்பர் 18

முளைத்துவிட்டது. தலைமுடி மாதிரி, ஆனால் வரிசையாக.

அக்டோபர் 4

நெருக்கமாக இருந்த நாற்றுகளைப் பிடுங்கிக் கலைத்துவிட்டேன். இரண்டு விரல் இடைவெளி. இடுப்பு விட்டுப்போயிற்று. உள்ளே அவர் சங்கத் தலைவியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்க, இன்னைக்குத்தான் கலைச்சு விட்டேன். அது ரொம்பப் பொறுமையா செய்யணும்." நாற்காலியில் சாய்ந்தபடி. நான் வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 21

வேலை முடிந்து வந்தால் பாத்தி முழுக்க வெள்ளைக் குருணை. யூரியா.

"யார் போட்டது?"

"நான்தான். இலையெல்லாம் சோனியா இருக்கு. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"கேரட்டுக்கு இதை அள்ளிப் போட்டா இலைதான் வரும். கீழ ஒண்ணும் வராது."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம். உரம் போட்டா வளரும். இதுல என்ன பெரிய விஞ்ஞானம்."

தண்ணீரும் விட்டிருந்தார். கரைந்துபோனதை எப்படி அள்ள?

நவம்பர் 2

மறுபடியும் போட்டிருக்கிறார். பை பாதி காலி. நான் கேட்கவில்லை.

நவம்பர் 15

இலை முழங்கால் உயரம். வருகிறவர், போகிறவர் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். அவர் காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறார்.

அவர் தூங்கிக்கொண்டிருந்த மதியத்தில் விரலால் மண்ணை விலக்கிப் பார்த்தேன். பத்து வாரம் ஆகிவிட்டது, பென்சில் கனம்கூட இல்லை. ஐந்து செடி பார்த்தேன். ஐந்திலும் நூல் நூலாக வேர். மண்ணை மூடி, விரல் தடம் தெரியாமல் தட்டிவிட்டேன்.

அவரிடம் சொல்லவில்லை. ஏன்? சொன்னால் நாளைத் தள்ளிப்போடுவார், ஏதாவது சாக்குச் சொல்லி ஆட்களை வர வேண்டாம் என்பார். தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டேன். பத்துப் பேர் பார்க்க அவர் கையாலேயே பிடுங்கட்டுமே. நல்லாப் பிடுங்கட்டும்.

நவம்பர் 29

மகள் போன் செய்தாள். "அப்பா அனுப்பின படம் பார்த்தேம்மா. காடு மாதிரி இருக்கு. அப்பாவுக்குள்ள இவ்ளோ திறமையா?"

"இன்னும் நிறைய இருக்கு" என்றேன்.

"ஏன் ஒரு மாதிரி பேசறே?"

தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 12

பதினைந்து நாற்காலி கொண்டுவந்து போட்டிருக்கிறார். வருகிறவர்களுக்குக் கேரட் போட்டுக் கொடுக்கப் பைகள் வேறு.

டிசம்பர் 13

பன்னிரண்டு பேர் வந்தார்கள். சங்கத் தலைவி ஓய்வுபெற்ற நர்ஸ், எல்லோருக்கும் நர்ஸம்மா. என் வீட்டுக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பாத்தி ஓரத்தில் நின்று மண்வளம் பற்றிப் பேசினார். ஒரு வரிகூட நான் சொல்லாதது இல்லை. பிறகு குனிந்து ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார். கை நிறைய இலை, நுனியில் எலி வால் போல ஒன்று. அடுத்ததைப் பிடுங்கினார். அதுவும் அப்படியே. ஒன்பது செடி பிடுங்கினார். யாரோ இருமினார்.

நான் டீத் தட்டோடு வாசலில் நின்றேன். இத்தனை வாரம் காத்திருந்தது இதற்குத்தானே.

அவர் நிமிர்ந்தார். கையைத் தட்டிவிட்டுச் சிரித்தார். "உண்மையைச் சொல்லணும்னா இது என் ஒய்ஃபோட தோட்டம். எல்லாம் அவதான் பார்த்துக்கறா. நான் இதுல தலையிடறதே இல்ல."

பன்னிரண்டு தலையும் என் பக்கம் திரும்பின. இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக அந்தத் தோட்டம் என்னுடையதாயிற்று.

நர்ஸம்மா கேட்டார், "என்னம்மா ஆச்சு?"

யூரியாப் பை கதவுக்குப் பின்னால்தான் இருந்தது. இழுத்து வந்து நடுவில் போட்டிருக்கலாம். போடவில்லை. "ஆமா, என் தோட்டம்தான். உரம் அளவு மீறிப்போச்சு. தெரிஞ்சும் நான் சொல்லாம விட்டுட்டேன்" என்றேன்.

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். ஒரு பிடி மண்ணை அள்ளி உதிர்த்துவிட்டு, "மண்ணு நல்லாப் பதமா இருக்கு" என்று மட்டும் சொன்னார். எல்லோரும் டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு போனார்கள்.

டிசம்பர் 14

மிச்சத்தை நானே பிடுங்கி எறிந்தேன். மனசு குளிரும் என்று நினைத்தேன். குளிரவில்லை. கல் பொறுக்கியது என் கை, கலைத்துவிட்டது என் கை. அவரைத் தலைகுனிய வைக்க என் பயிரையே அழியவிட்டேன். அவருக்கோ தலை குனியவே இல்லை. ராத்திரி நன்றாகத்தான் சாப்பிட்டார்.

ஜனவரி 9

சங்கத்திலிருந்து புதுப்பிக்கும் படிவம் வந்தது. "இனிமே நீயே போ. அங்க எனக்கு ஒத்துவராது" என்று என் முன்னால் வைத்தார். காலை நடைக் குழுவில் சேர்ந்துவிட்டார். அங்கே அதற்குள் செயலாளராம்.

படிவத்தில் என் பெயரை எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணல்.

ஜனவரி 24

முதல் கூட்டம். எழுந்து நின்று பெயரைச் சொன்னேன். "கேரட் வராமப் போச்சே, அந்த வீடா?" என்று பின்னால் ஒருவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். "ஆமா, அதேதான்" என்றேன்.

நர்ஸம்மா, "ஏன் வரலைன்னு அவங்களையே சொல்லச் சொல்லுவோம்" என்றார். சொன்னேன். எந்த உரம், எப்போது, எவ்வளவு, கீழே என்ன ஆகும், எல்லாம். யார் போட்டது என்று மட்டும் சொல்லவில்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும். யாரும் குறுக்கே பேசவில்லை. சிரித்தவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் டிவியைப் பார்த்தபடியே, "என்ன பேசினாங்க?" என்றார்.

"அவங்க பேசல. நான் பேசினேன்."

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. உடை மாற்றிக்கொண்டு பாத்தியைக் கொத்தப் போனேன்.